கரிசல் காட்டில் ஒரு பழைய ரிவால்வரின் விலை

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் கிடாயின் இடுப்பில் கைவைத்துத் தூக்கிப் பார்த்தே இவ்வளவு கறி நிற்கும், இவ்வளவு பெறும் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பழைய ரிவால்வருக்கு அப்படித் தூக்கிப் பார்த்து விலை சொல்ல முடியாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் காரைவீடு ஒன்றில் தாத்தாவின் இரும்புப் பெட்டியைத் திறக்கும்போது பெரிய வெப்லி ரிவால்வர் ஒன்று கிடைத்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி 'என்ன பெறும்?' என்பதுதான். லட்சக்கணக்கில் போகும் என்பார் ஒரு மாமா. வெளியே தெரிந்தால் ஜெயில் என்பார் இன்னொரு மாமா. இரண்டு பேர் சொல்வதும் சில துப்பாக்கிகளுக்குப் பொருந்தும். எதற்கு எது பொருந்தும் என்பதில்தான் குழப்பம்.

முதலில் பெரிய ரிவால்வர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தோட்டா தடிக்கத் தடிக்க அதை அடைத்துச் சுழலும் சிலிண்டரும் தடிக்க வேண்டும். சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கூட்டை ஃப்ரேம் என்பார்கள். அதுவும் கூடவே பருக்கும். பிரிட்டிஷ் ராணுவம் 1915இல் ஏற்றுக்கொண்ட .455 வெப்லி மார்க் 6 இந்த வகையில் இந்தியர்கள் அதிகம் கேள்விப்பட்டது. தோட்டா இல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அமெரிக்கத் தரப்பில் 1898 முதல் 1944 வரை உற்பத்தியான கோல்ட் நியூ சர்வீஸ் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1908இல் தொடங்கிய 'என்' ஃப்ரேம் வரிசையும் உண்டு. அந்த வரிசையில்தான் 1935இல் .357 மேக்னமும், 1950களின் நடுவில் .44 மேக்னமும் வந்தன. 1971இல் வெளிவந்த 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் நீட்டிப் பிடிப்பது இந்த .44 மேக்னத்தைத்தான், அதற்கு மாடல் 29 என்று பெயர். நம் பக்கத்தில் இவை அபூர்வம். வெள்ளைக்கார அதிகாரிகள், ஜமீன் குடும்பங்கள், பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள் வழியாக வந்து சேர்ந்த பிரிட்டிஷ் சரக்குதான் பழைய வீடுகளோடு சேர்த்துப் பேசப்படுவது.

துப்பாக்கிக்கும் அனுமதிச் சீட்டுக்கும் உள்ள உறவு இந்த மண்ணில் ரொம்பப் பழசு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, மேஜர் பானர்மன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு போட்டார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்சீமை மக்களின் ஆயுதங்களைப் பறித்தது. அனுமதி இல்லாமல் வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்று மிரட்டியது. லிட்டன் பிரபு 1878இல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். அதில் இந்தியர்களுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு வேண்டாம். ஆனால் கரிசல் காட்டுக்காரன் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே ஆயுதம் இழந்திருந்தான். திருநெல்வேலிக்குத் தெற்கேயும் வடக்கேயும் சண்டைக்கும் சச்சரவுக்கும் இன்றுவரை அரிவாள்தான் பேசப்படுகிறது, துப்பாக்கி அல்ல என்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1911 ஜூன் 17 அன்று கோவில்பட்டிக்குத் தெற்கே மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். மேடைகளில் அது ரிவால்வராகிவிடும். உண்மையில் அது பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல். தோட்டா கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும், சிலிண்டர் கிடையாது. மேடைக்கு இந்த வித்தியாசம் தேவையில்லை. விலை மதிக்க உட்காருகிறவருக்குத் தேவை. கையில் இருப்பது எது என்று சரியாகப் பெயர் சொல்லத் தெரியாதவர் சொல்லும் விலையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இன்றைய சட்டம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி கைத்துப்பாக்கிகள் இரண்டு கூறாகப் பிரிகின்றன. ஒன்று தடை செய்யப்பட்ட போர், மற்றது தடை செய்யப்படாத போர். இங்கே போர் என்பது குழலின் உள்விட்டம். தடை செய்யப்பட்டதற்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் தர முடியாது. தில்லியில் உள்துறை அமைச்சகம் மட்டுமே தரும், அதையும் தீவிரவாதிகளால் உயிருக்கு ஆபத்து போன்ற அரிதான காரணங்களுக்குத்தான் தரும். எதெல்லாம் தடை? 1962 விதிகளின் அட்டவணை இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னது. .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவையோ, ராணுவத்தின் 9 மி.மீ. தோட்டாவையோ, .45 விளிம்பில்லாத் தோட்டாவையோ உள்ளே வாங்கிச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் தடைக்குள் வரும். துப்பாக்கியின் மேல் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்பது கணக்கில்லை. அறைக்குள் எந்தத் தோட்டா போய் உட்காரும் என்பதே கணக்கு. காரணம் எளிது. பட்டாளமும் போலீஸும் புழங்கும் தோட்டா திருட்டுப் போனால் அதை வெளியார் துப்பாக்கியில் போட முடியக் கூடாது.

இந்த ஒரு வரியில் கரிசல் காட்டுப் பெட்டியில் தூங்கும் பெரிய வெப்லிகளின் விலை அநேகமாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. .455 வெப்லி மார்க் 6, இரண்டாம் உலகப் போர்க்காலத்து .38 என்ஃபீல்டு, அதே தோட்டாவைச் சுடும் வெப்லி மார்க் 4 எல்லாமே தடைப் பட்டியல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேகரிப்பாளர்கள் ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கும் சாமான், கோவில்பட்டியில் விற்க முடியாத சாமான். வாங்கத் தகுதியுள்ளவன் இல்லாத இடத்தில் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. யாராவது ரகசியமாக ஒரு தொகை சொன்னால் அது குற்றத்துக்கான கூலி, அவ்வளவுதான்.

மாறாக, அதே வெப்லி கம்பெனியின் சின்ன .32 ரிவால்வர் இங்கே ராஜா. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. அதற்கு முன் நாட்டுக்குள் வந்துவிட்ட வெளிநாட்டுத் துப்பாக்கிகள் எத்தனையோ அத்தனைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன; புது வரத்து கிடையாது. உள்நாட்டில் கான்பூர் அரசு ஆலைகள் .32 ரிவால்வர் செய்கின்றன. 2014இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி வந்த 'நிர்பீக்' அரை கிலோ எடை, அப்போது விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். 2023இல் 'பிரபல்' என்ற ரிவால்வர் வந்தது. இதற்கிடையே ரிவால்வர், பிஸ்டல்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28 சதவீதத்தில் இருந்து 40 ஆனது. புதியதின் விலை ஏறினால் பழையதைப் பார்க்கிறவர்களும் கூடுவார்கள். பழைய இங்கிலாந்து .32, பழைய அமெரிக்க .32 ஆகியவற்றுக்கு உரிமம் உள்ளவர்கள் பல லட்சம் கொடுப்பது இதனால்தான். அமெரிக்காவில் இதே .32 அலமாரி மூலையில் மலிவாகக் கிடக்கும். மாடல் 29 மாதிரியான பெரியதுக்குத்தான் அங்கே மதிப்பு, சுமார் நிலையில் உள்ளதே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டாலருக்குப் போகும். இரண்டு நாடுகளின் விலைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைத் தலைகீழாகப் பிடித்தது போலிருக்கும். இணையத்தில் டாலர் விலையைப் பார்த்து ரூபாயில் பெருக்கிக் கனவு காண்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பெரிய ஃப்ரேமில் இங்கே சட்டப்படி விற்கக்கூடியவை இல்லாமல் இல்லை. .357 மேக்னமும் .44 மேக்னமும் பட்டாளத் தோட்டாவை வாங்காது, எனவே தடைக்குள் வராது. உரிமத்தோடு கிடைக்கும் ஒன்றிரண்டுக்குக் கேட்கும் விலை மலைப்பாக இருக்கும். ஆனால் வாங்கிய பிறகு தோட்டாவுக்கு எங்கே போவது? கடைகளில் சிரமமில்லாமல் கிடைப்பது .32தான். மேக்னத் தோட்டா அரிது, கிடைத்தாலும் யானை விலை. உரிமப் புத்தகத்தில் ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண்கள் எழுதியிருக்கும். அந்த எண்ணைக்கூட நிரப்ப முடியாத துப்பாக்கிக்கு இருபது முப்பது லட்சம் கேட்கிறவரிடம் நான் பேரம் பேச மாட்டேன், எழுந்து வந்துவிடுவேன்.

சரி, போர் சரியாக இருக்கிறது, உரிமமும் நடப்பில் இருக்கிறது. இனிதான் இரும்பைப் பார்க்க வேண்டும். இது உரிமம் பெற்ற கடையில், தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகு, கடையின் கம்மியர் முன்னிலையில் நடக்க வேண்டிய காரியம். பார்க்கத் தெரிந்தவர் முதலில் திருகாணிகளின் தலையைப் பார்ப்பார். திருகாணித் தலையின் பள்ளம் சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு குதிரையை மெல்லப் பின்னுக்கு இழுத்து, சிலிண்டர் ஆறு அறைக்கும் 'டக்' என்று சரியான இடத்தில் பூட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். பூட்டிய நிலையில் சிலிண்டரை விரலால் ஆட்டினால் ஆடக் கூடாது. முன்னும் பின்னும் நகரக் கூடாது. அறை குழலுக்கு நேராக நிற்காவிட்டால் குண்டு குழலின் வாயில் உராய்ந்து ஈயத்தைச் சீவிவிடும். பக்கத்தில் நிற்பவர் முகத்தில் சிதறும். மேக்னம் அதிகம் சுட்ட துப்பாக்கியில் சிலிண்டருக்கு மேலே உள்ள ஃப்ரேமின் அடிப்பக்கத்தில் நெருப்பு அரித்த கோடு ஒன்று தெரியும். குழலின் பின்வாயில் மயிரிழை விரிசல் இருந்தால் பேச்சே வேண்டாம்.

எண்களைப் பார்ப்பது அடுத்தது. ஃப்ரேமில் உள்ள எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பல கம்பெனிகள் குழலிலும் சிலிண்டரிலும் அதே எண்ணைப் பொறித்தன. எல்லாம் ஒன்றினால் மதிப்பு கூடும். பிரிட்டிஷ் ராணுவச் சாமானில் ஓர் அம்புக்குறி இருக்கும். அரசே அதை வெளியாருக்கு விற்றிருந்தால் இரண்டு அம்புகள் முனையோடு முனை ஒட்டினாற்போல் அடித்திருப்பார்கள். ஓர் அம்பு மட்டும் இருந்தால், இது எப்படி வெளியே வந்தது என்ற கேள்வி எழத்தான் செய்யும். நம் ஊரில் பழைய துப்பாக்கிக்குப் பளபளப்பு ஏற்றிக் காட்டும் ஆசை உண்டு. நிக்கல் முலாம் பூசிவிடுவார்கள், அல்லது நீலச் சாயத்தைத் தேய்த்தெடுத்து மறுபடி ஏற்றுவார்கள். சேகரிப்பாளர் இதைக் கண்டதும் விலையைப் பாதியாக்குவார். அதைவிட மோசம், தேய்த்ததில் எண் மங்கிவிட்டால் ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கும். அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் தனிக் குற்றம். அழிந்த எண்ணோடு துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அழித்தவரும் அவரே என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

குழலின் உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்க்கும்போது கோவில்பட்டிக்காரருக்குப் பழக்கமான ஒரு பொருளின் வேலை தெரியும். தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சித் தலைக்கு வைக்கும் மருந்தின் உயிர் பொட்டாசியம் குளோரேட். பழைய பிரிட்டிஷ் தோட்டாக்களின் அடியில் இருந்த பற்றுமருந்திலும் அதே குளோரேட்தான். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். அது ஒரு உப்பு. சாப்பாட்டு உப்பின் தம்பி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காற்றில் உள்ள தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் பழைய பட்டாளத்துக்காரர்கள் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் தடவினார்கள். தாத்தா அப்படிச் செய்தாரா இல்லையா என்பதைக் குழலின் உள்சுவரே சொல்லும். உள்ளே அம்மைத் தழும்பாகக் குழிகள் இருந்தால் துப்பாக்கி வெளியே எவ்வளவு பளபளத்தாலும் விலையை இறக்கத்தான் வேண்டும்.

இன்னொரு எதிரி தோல் உறை. துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பதாக எண்ணி உறையோடு பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும், ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். உறை தொட்ட பக்கம் மட்டும் அரித்திருப்பதைப் பழைய ரிவால்வர்களில் காணலாம். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வந்து திரும்ப வாங்கும்வரை வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். அப்போது உறையைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றிக் கொடுப்பது நல்லது. ரசீதில் எண்ணோடு அப்போதைய நிலையையும் எழுதி வாங்க வேண்டும். பலர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த ஊரில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு சம்சாரி கேட்டால் நியாயம்தான். மானாவாரி மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் இது ஆண்டுதோறும் உள்ள புலம்பல். அதற்கு ரிவால்வர் உதவாது. குட்டைக் குழலில் இருந்து இருட்டில் ஓடும் பன்றியைக் குறிபார்ப்பது சினிமாவில் மட்டும் நடக்கும். தவிர, உரிமம் கையில் இருப்பதாலேயே காட்டுவிலங்கைச் சுடும் உரிமை வந்துவிடாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட வழி செய்தபோதும் அந்த வேலையை வனத்துறையிடம்தான் கொடுத்தது. கைத்துப்பாக்கி உரிமம் என்பது தற்காப்புக்கு என்று சொல்லி வாங்குவது. பணம் எடுத்துச் செல்கிற முதலாளிகளும், மிரட்டலுக்கு ஆளானவர்களும் கேட்கிறார்கள். கௌரவத்துக்காகக் கேட்பவர்களும் உண்டு, அவர்களே அதிகம் என்பது என் சந்தேகம். 2016 இறுதியில் உள்துறை அமைச்சகம் தந்த கணக்கில் நாடு முழுவதும் சுமார் 33.69 லட்சம் உரிமங்கள். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். இந்தச் சிறிய எண்ணைப் பற்றி வருத்தப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் இந்தச் சிறிய எண் விலையைப் பாதிக்கிறது. வாங்கத் தகுதியுள்ளவர் மாவட்டத்துக்கு மாவட்டம் கொஞ்சம் பேர்தான். விற்பதும் ஒரு நாளில் முடியாது. ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, இன்னாருக்கு விற்கப் போகிறேன் என்று பெயர், முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 45 நாள் காத்திருந்த பிறகே கைமாற்ற முடியும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றில் இருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றில் இருந்து ஐந்தாண்டாக்கியது. வாரிசாக வந்தாலும் அதே இரண்டுதான். ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் மகனுக்கு அப்பாவின் மூன்றாவது வந்து சேராது. அதே திருத்தத்தால் உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கிக்குத் தண்டனை இரண்டு முதல் ஐந்தாண்டு. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் ஏழு முதல் பதினான்கு. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கும் இரண்டாண்டு வரை உண்டு.

வாரிசு விஷயத்தில் 2016 விதிகள் ஒரு நல்ல வழி வைத்திருக்கின்றன. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசு ஒருவரின் பெயரைச் சொல்லி அவருக்கு உரிமம் கேட்கலாம். நம் வீடுகளில் நிலத்துக்கு உயில் எழுதுகிற பெரியவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். அவர் போன பிறகு உரிமம் காலாவதியாகி, புத்தகம் எங்கோ தொலைந்து, துப்பாக்கி மட்டும் பெட்டியில் மிஞ்சுகிறது. அந்த நாள் முதல் அது சொத்து அல்ல, வில்லங்கம். நூறு வருஷத்துப் பழசு, அதனால் சட்டம் தொடாது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். 1959 சட்டம் விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிச் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். 1915இல் செய்த வெப்லி ஒழுங்காக எண்ணெய் கண்டிருந்தால் இன்றும் சுடும். அதற்கு வயது நூற்றுப்பத்து ஆனாலும் விலக்கு இல்லை.

அப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், விலை கேட்டு அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ எழுத்து மூலம் ஒப்படையுங்கள். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒப்படைத்த துப்பாக்கியை உரிமம் கிடைத்த பின் திரும்பப் பெறவும், தகுதியுள்ள ஒருவருக்கு விற்று அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளவும் வாரிசுக்கு உரிமை தருகிறது. அதற்கு விதிகளில் கெடு உண்டு. கெடு கடந்தால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும். எனவே ஒப்படைத்த அன்றே ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அதிலுள்ள எண்ணைத் துப்பாக்கியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கெடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள்.